மூன்றாவது தட்டில் ஓடுகிறவள்

தாளம் சரியாக வருகிறவனுக்கு மூளையும் சரியாக வேலை செய்யும் என்று யாரோ ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசும் வீடியோ ஒன்று, சில வருஷங்களுக்கு முன் என் கணவரின் செல்போனுக்கு வந்தது. அனுப்பியது அவருடைய பழைய ஆபீஸ் குரூப். அந்தக் குரூப்பில் வரும் சங்கதிகளைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே எழுதினால் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என்னோடு பேச மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுப்படிக்கே வந்து, புளி கரைத்துக்கொண்டிருந்த என் மூக்குக்கு நேரே போனை நீட்டினார்.

“பாத்துக்கோ டீச்சரம்மா. இந்த வூட்ல யாருக்கு மூளைன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?”

“அந்த ஆள் இன்னா படிச்சிருக்கான்னு மொதல்ல கேளுங்க,” என்றேன்.

“அது இன்னாத்துக்கு? டை கட்டிகினு பேசுறான் பாரு.”

இந்தச் சண்டைக்கு எங்கள் கல்யாணத்தின் வயது. நான் ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் கரண்ட் ஆபீசில் கம்பம் ஏறும் வேலையில் சேர்ந்து, நாலு பேரைக் கம்பம் ஏற்றும் வேலையில் ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவுக்கு டோலக் வாசிப்பவர். பத்தாம் வகுப்பில் தான் கணக்கில் வாங்கிய மார்க்கை வெட்கமே இல்லாமல் எல்லாரிடமும் சொல்லுவார். சொல்லிவிட்டு, “ஆனா எங்க வூட்டம்மாவ ஒரு நிமிஷம் கை தட்டச் சொல்லுங்க பாப்போம்” என்பார். சபை சிரிக்கும்.

எனக்குத் தாளம் வராது. நாலு பேர் சேர்ந்து கை தட்டும்போது ஐந்தாவதாக ஒரு தட்டு தனியாகக் கேட்டால் அது நான். ஏழு தட்டை மூன்றாகவும் நாலாகவும் பிரித்து ஒரு தாளம் உண்டு என்பதைக் கரும்பலகையில் எழுதி, படம் போட்டு விளக்கிவிடுவேன். கை மட்டும் கேட்காது. என் வகுப்பில் ஒரு பெண் பெஞ்சியில் விரலால் தட்டினால் பக்கத்து வகுப்பு டீச்சரே தலையாட்டுவாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னம் தலைகீழாக நின்றாலும் ஏறவில்லை. மனக்கணக்கில் என்னையே முந்திய இன்னொருத்திக்குக் கயிறு தாண்டி ஆட வரவில்லை. இத்தனை பிள்ளைகளைப் பார்த்த பிறகும் இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. டை கட்டியவருக்கு முடிகிறது. எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். கணக்கில் விடை நாம் வரும்வரை காத்துக்கொண்டிருக்கும், தாளத்தில் எதுவும் காத்திருக்காது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் எனக்குத் தாளம் தப்பியதில்லை. அது ஆலயம். பாடகர் குழுவில் முன் வரிசையில், டோலக்குக்குப் பக்கத்திலேயே நான் நிற்பேன். கல்யாணமாகி வந்த புதிதில் பயந்து பயந்து பாடினேன், தப்பவில்லை. கீர்த்தனை எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் தப்பவில்லை. வீட்டில் வராதது அங்கே வருகிறதென்றால் அது கர்த்தருடைய கிருபை என்றே நம்பினேன். சாட்சி சொல்லும் கூட்டத்தில் ஒரு முறை அதைச் சொல்லியும் இருக்கிறேன். அப்போது என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

பிறகு அவருடைய இடது கை தாமதமாக வர ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது அவரேதான். “வலது போட்டப்புறம் எடது யோசிச்சுகினு வருது” என்றார். வயசு என்றேன் நான். வேலூரில் நரம்பு டாக்டர் நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், விரலைச் சேர்த்துப் பிரிக்கச் சொன்னார். பார்க்கின்சன் என்றார். கை நடுங்குகிற வியாதி என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். இவருக்கு நடுக்கம் கொஞ்சம்தான், கால்தான் நின்றுபோகும். நடந்துகொண்டே இருப்பார், வாசற்படி வந்தால், தரையில் ஒரு கோடு வந்தால், பாதத்தை யாரோ பசை போட்டு ஒட்டினது போல நின்றுவிடுவார். வலிக்காது. மனசு போ போ என்று சொல்லுமாம், கால் போகாதாம்.

ஒரு திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்தின் நடுவில் நடந்தது. அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் வரிசையாகப் பீடத்துக்குப் போகும்போது, நடுப்பாதையில் அவர் நின்றார். பின்னால் முழு சபையும் நின்றது. ஒருவர் நல்ல மனசோடு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கம்பத்தின் உச்சியில் நின்று வேலை செய்த மனுஷர், அந்த நாற்காலியைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அன்றோடு ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். போதகர் அப்பத்தை வீட்டுக்கே கொண்டுவருகிறேன் என்றபோது, “படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்குக் குடுங்க ஐயா. நான் நடந்து வந்து வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பல மாதம் வாங்கவேயில்லை. திருவிருந்து ஞாயிறுகளில் நான் கிளம்பும்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எனக்கு அழுகை வரும், கூடவே கோபமும் வரும். யார் மேல் என்று தெரியாது.

நான் தனியாகப் போய்ப் பாடினேன். டோலக்குக்குப் பதில் கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டார்கள். அது தானாகத் தாளம் போட்டது. முதல் பாட்டிலேயே நான் தப்பினேன். இரண்டாவதிலும் தப்பினேன். பாடகர் குழுத் தலைவி ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் வந்து, “டீச்சர், கொஞ்சம் மெதுவா பாடுறீங்களா?” என்றாள். வேகத்தைச் சொல்லவில்லை, சத்தத்தைச் சொன்னாள். அந்த மெஷின் சரியில்லை என்று நான் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அவர் கேலிகூடச் செய்யவில்லை, அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி கொடுத்த பெண்தான் வழி சொன்னாள். ஒரே சீராக ஒரு சத்தம் காதில் விழுந்தால் இப்படிப்பட்டவர்களுக்குக் கால் வரும் என்று போனில் டிக் டிக் என்று அடிக்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். கால் வந்தது, மனுஷர் வரவில்லை. “கடியாரத்த முழுங்கின மாதிரி இருக்குது” என்று அணைத்துவிட்டார். அவருக்கு அதைவிட நல்லது சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. இத்தனை வருஷம் பேஜாராக இருந்த அந்தத் தடக் தடக்கில் ஒரு நாள் காலையில் அவர் கூடத்திலிருந்து கொல்லைவரை நிற்காமல் நடந்தார். திரும்பியும் வந்தார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னேன். “நடக்கணும்னா சுவத்துல ஒரு தட்டு தட்டச் சொல்லுங்க அக்கா, நான் தறிய வுட்டுடுறேன்” என்றார். அந்தக் குடும்பத்துக்கு நான் அதுவரை கொல்லைத் தண்ணீர் விஷயமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை.

நடக்கும்போது அவர் சும்மாவும் இருக்க மாட்டார். “வோல்டேஜ் கம்மியாவுது, தறி மூச்சு வாங்குது பாரு. டிரான்ஸ்பார்மர்ல எவன் கைய வெச்சான்?” என்பார். கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டும் கேட்பார்.

அப்புறம் மாதாந்திரப் பராமரிப்புக்கென்று கரண்ட்டை நிறுத்துகிற நாள் வந்தது. நான் மறந்துவிட்டேன், அவரும் மறந்துவிட்டார். காலையில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில், நிலைப்படியில் அவர் கால் வைக்கும் நேரத்தில் தெரு முழுக்கத் தறிகள் ஒரே சமயத்தில் நின்றன. அவரும் நின்றார்.

“முப்பது வருஷம் ஊருக்கே கரண்ட நிறுத்தினேன். இப்போ என் காலுக்கே நிறுத்திட்டானுங்க” என்றார். சிரிக்க முயற்சி செய்தார். முடியவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்த கை வெளுத்துப்போயிருந்தது. போன் மாடியில் சார்ஜில் கிடந்தது. விட்டுவிட்டு ஓடினால் விழுந்துவிடுவாரோ என்று பயம். கைக்குக் கிடைத்த சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எனக்கே காது கூசியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒரு மாதிரியாகச் சிரித்தார், கால் எடுத்தார். சிரித்துக்கொண்டே அடுப்படியைத் தாண்டிக் கொல்லைக்குப் போய்விட்டார். என் தட்டலைக் கேட்டு வந்த சிரிப்பில் உடம்பு இளகிக் கால் வந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “திருவிருந்து எப்போ? வர்ற ஞாயித்துக்கெழமையா, அடுத்ததா?”

அடுத்தது என்றேன். எனக்கு வேலை வந்துவிட்டது. ஆலயத்தில் தறி ஓடாது. கீபோர்டை நம்ப முடியாது, திருவிருந்து நேரத்தில் இழுத்து இழுத்துத்தான் வாசிப்பார்கள். அவர் பின்னால் நின்று தாளம் கொடுக்க வேண்டியது நான்தான். பிழையாகக் கொடுத்து, சபை நடுவில் அவர் மறுபடியும் நின்றுபோனால், பிறகு அவரை வாழ்நாளில் அந்த வாசலுக்குக் கூட்டிவர முடியாது. ஸ்டாப் ரூமில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அந்த ஆப்போடு மேசையைத் தட்டிப் பழகினேன். சக டீச்சர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவுகட்டினார்கள். மொட்டை மாடியில் துணி காயவைக்கும்போது பழகினேன். கடைசியில் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் டிக்கும் என் விரலும் ஒன்றாக விழுந்தன. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு கர்வம் வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நிற்காமல், ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் பார்க்காமல், கடைசி வரிசையில் அவரோடு உட்கார்ந்தேன். எல்லோரும் போய் வரட்டும் என்று காத்திருந்து கடைசியாக எழுந்தோம். நான் பின்னால் நின்று, இரண்டு விரலை அவர் முதுகில் வைத்துத் தட்டினேன். சரியான தாளம், பிசகில்லாத தாளம். நடந்தார். பாதிப் பாதைவரை வந்தோம். அங்கே பாய் முடிந்து வெறும் தரை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு கோடு. நின்றார்.

தட்டினேன். கால் வரவில்லை. இன்னும் கவனமாகத் தட்டினேன். போதகர் அப்பத்தட்டோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முன் வரிசையில் ஒருவர் எழுந்தார், நாற்காலிக்குத்தான். ஆண்டவரே, இந்த ஒரு தடவை என்றேன்.

அவர் தலையைத் திருப்பாமல் முணுமுணுத்தார். “இன்னாமே இது? யார்து இந்தத் தாளம்?”

“சரியாத்தாங்க தட்டுறேன்.”

“அதான் தெரியுதே. உன்னுத தட்டு.”

எனக்குப் புரியவில்லை. புரிகிற நேரமும் அதில்லை. பழகினதையெல்லாம் விட்டுவிட்டு, கை போன போக்கில் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று வந்ததும் அவசரமாக நாலு. அந்த அவசரத்தில் அவர் கால் கோட்டைத் தாண்டியது. அடுத்த மூன்றில் இன்னொரு கால். எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். பீடத்துக் கம்பியைப் பிடித்து அவர் முழங்கால் போட்டபோது நானும் பக்கத்தில் போட்டேன். அப்பத்தை வாங்க அவர் நீட்டிய கை நடுங்கியது, முகம் நடுங்கவில்லை.

இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். “அது இன்னா, உன்னுத?”

“நீ மூணாவது தட்டுல ஓடுவே. எப்பவும் ஓடுவே. மூணு வந்தா அடுத்தது நாலுன்னு உனக்குத் தெரிஞ்சிபோவுது இல்ல, ஜல்தியா போய் அங்க நின்னுக்குவே. மூளை ஜாஸ்தி.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். “எனக்கு அங்கதான் கால் நின்னுபோவுது. நீ அங்க இழுக்கிறே.”

“அப்போ கொயர்ல மட்டும் நான் எப்படி...” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். கிருபை என்று சாட்சி சொன்ன நாளில் அவர் ஜன்னலைப் பார்த்தது ஞாபகம் வந்தது.

“நீ ஓடுவே, நான் டோலக்க உன் பின்னால வுடுவேன். டோலக்கு பின்னால மத்தவங்க வருவாங்க. இந்த ஆலயமே முப்பது வருஷமா மூணாவதுல ஓடிகினு இருந்துது.” தோள் குலுங்கச் சிரித்தார். “யாருக்கும் தெரியாது. இப்போ அந்த மெஷினுக்குக் காது இல்ல, உன்னிய காட்டிக் குடுத்துட்டுது.”

கோபம் வர வேண்டும். வந்தது, கொஞ்சம். மூளை என்றால் என்ன என்று இனி யாராவது வீடியோ அனுப்பினால், எதிரில் இருப்பவள் எந்த இடத்தில் தப்புவாள் என்று முன்கூட்டியே தெரிந்து அங்கே போய் நிற்பது என்று பதில் எழுதலாம். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது.

கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. பாட்டுப் புத்தகத்தை எங்கள் இருவர் மடிக்கும் நடுவில் வைத்தேன். அவர் அதன் அட்டையில் இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்தார். வலது வந்தது. இடது யோசித்துக்கொண்டிருந்தது. நான் மூன்றுக்கு வந்துவிட்டேன், நாலு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருடைய இடது கை வந்து விழும்வரை அங்கேயே நின்றேன்.