எட்டாம் நம்பர் ஷூ

இது நடந்தது. நடந்த இடம் தெரியும், நாள் தெரியும், நிமிடம் கூடத் தெரியும். எல்லாம் ஒரு செல்போனில் பதிவாகி இருக்கிறது. படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு ஒரு தடவை குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொள்ளட்டும், அது போதும்.

சௌந்தர்யா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஜோடி பார்க்கும் வேலை செய்கிறாள். இடது காலும் வலது காலும் ஒரே நிறமா, தையல் ஒரே மாதிரி ஓடுகிறதா என்று நாளைக்கு அறுநூறு ஜோடி பார்ப்பவள். ஒரு நூல் விலகியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் இந்த விஷயத்தில் அந்தக் கண் ஒன்பது வாரம் ஏமாந்துபோனது. பொறாமை வந்து கண்ணை மறைத்துவிட்டது. பொறாமை என்று அவளிடம் சொன்னால் சண்டைக்கு வருவாள். ஆனாலும் அது பொறாமைதான்.

வேலூரில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் நவீன்குமார் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்திவந்தான். ஞாயிறுதோறும் சரியாக நாலு மணிக்கு ஒரு விடுகதை போடுவான். விடை இந்தப் பக்கத்துப் பழைய கோட்டை, கோயில், மண்டபம் என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். எல்லோரும் சேர்ந்து யோசிப்பார்கள். ஒருத்தர் கல்வெட்டுப் படம் தேடுவார், ஒருத்தர் வரைபடம் பார்ப்பார். விடை தெரிந்ததும் யாராவது நேரில் போய் நின்று படம் அனுப்ப வேண்டும். குழுவில் பாதிப்பேர் ஷூ கம்பெனிப் பெண்கள். முகத்தைப் போட்டால் வீட்டில் வம்பு. அதனால் ஆம்பூர் ஷபீ அஹமது பாய் ஒரு வழி சொன்னார்.

“மூஞ்சி வேணாம்மா, கால் போதும். அந்த எடத்துல நின்னு காலை படம் புடிச்சு போடுங்க.”

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். தரையும் காலும் தெரிந்தால் போதும்.

முதல் மூன்று வாரமும் சௌந்தர்யாதான் முதல் ஆள். ‘கோட்டை போனது, வாசல் மட்டும் நிற்கிறது’ என்று போட்ட ஐந்தாவது நிமிடம் ஆற்காடு டெல்லி கேட் என்று அடித்தாள். அன்று இரவு நவீன்குமார் தனியாகச் செய்தி அனுப்பினான். ‘எப்படிப்பா? சாப்டியா?’ அந்த ‘சாப்டியா’வை அவள் எத்தனை தடவை திறந்து பார்த்தாள் என்பது அவளுக்கும் செல்போனுக்கும் மட்டும் தெரியும். பன்னிரண்டு விடுகதை முடிந்ததும், ஜாஸ்தி விடை சொன்ன ஆளும் நவீன்குமாரும் சேர்ந்து வேலூர்க் கோட்டைக்கு எல்லோரையும் அழைத்துப்போவதாக ஏற்பாடு. அன்றைக்கு அவனிடம் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவது என்று சௌந்தர்யா முடிவு செய்திருந்தாள்.

நாலாவது வாரம் ஹெலன் வந்தாள்.

‘சாவி கொடுக்காமல் மணி சொல்லும் கல்.’ விடுகதை வந்தது 4:00. ஹெலனின் பதில் 4:03. ‘விரிஞ்சிபுரம் கோயில், நிழல் கடிகாரம்.’ 5:40க்குப் படமும் வந்துவிட்டது. கல் தரை. அதில் நாடா கட்டிய கருப்பு ஷூ ஒரு ஜோடி.

‘கலக்கிட்டீங்க!’ என்று போட்டான் நவீன்குமார். பக்கத்தில் மூன்று கைதட்டல்.

சௌந்தர்யாவுக்கு வயிறு எரிந்தது. அதே விடையை அவளும் 4:11க்கு அனுப்பியிருந்தாள். அதற்கு ஷபீ பாய், ‘அதான் சொல்லியாச்சேம்மா’ என்று சிரிக்கும் பொம்மை போட்டார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எட்டாம் நம்பர் சைஸ். பெண்பிள்ளைக்கு இவ்வளவு பெரிய காலா என்று நினைத்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை. 4:03க்கு ஹெலன். 5:40க்குக் கருப்பு ஷூ. நவீன்குமாரின் தனிச் செய்திகள் குறைந்தன. பிறகு நின்றேபோயின. ‘சாப்டியா’ இல்லை, ‘தூங்கலையா’ இல்லை. இவளாக ஏதாவது அனுப்பினால், ‘பிஸி’ என்று ஒரே வார்த்தை.

ஏழாவது வாரம்தான் அவளுக்கு அது தட்டுப்பட்டது. தன் காலைத் தானே படம் பிடித்தால் விரல் பக்கம் நம்மைவிட்டு விலகி இருக்கும். ஹெலனின் படங்களில் ஷூவின் முனை கேமராவைப் பார்த்திருந்தது. எல்லாப் படத்திலும்.

அப்படியானால் எதிரே நின்று வேறு யாரோ படம் பிடிக்கிறார்கள்.

யார்? விடையை முன்கூட்டியே தெரிந்தவன் யார்? பைக் வைத்திருப்பவன் யார்? மழை பெய்த ஞாயிறுகூட அந்த ஷூவில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. பைக்கில் போகிறவளுக்குச் சேறு ஏது!

எட்டாவது வாரம் விடை மறுபடியும் ஒரு கோயில். அந்தப் படத்திலும் ஷூ. ஷபீ பாய் எழுதினார்: ‘கூட வர்ற ஆளை ஷூவை வெளிய கழட்டச் சொல்லும்மா.’

கூட வர்ற ஆள்! பாய்க்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று சௌந்தர்யா அன்று சாப்பிடாமல் படுத்தாள். நடுவில் ஒரு தடவை, போன் எண்ணைப் பார்க்கலாம் என்று ஹெலனின் பெயரை அழுத்தினாள். சௌந்தர்யாவின் சொந்தப் படம்தான் வந்து நின்றது. நெட் சரியில்லை என்று விட்டுவிட்டாள்.

அந்தக் குழுவில் வேறு யாருமே ஹெலன் என்ற பெயரை ஒரு தடவைகூட எழுதியதில்லை. இதையும் அவள் அப்போது கவனிக்கவில்லை.

பன்னிரண்டாவது ஞாயிறு வந்தது. டிசம்பர் 14.

இன்றைக்கு இரண்டு பேரையும் கையும் களவுமாகப் பிடிப்பது என்று கிளம்பினாள். மூன்றரைக்கே பள்ளிகொண்டா பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டாள். விடை வேலூர்ப் பக்கம் என்றாலும் ஆம்பூர்ப் பக்கம் என்றாலும் அங்கிருந்து பஸ் பிடித்துவிடலாம்.

4:00. செல்போன் அதிர்ந்தது.

‘படுத்திருக்கும் பெருமாளின் ஊரில் இறங்கு. நாலு கால் உண்டு, நடந்ததில்லை. ஆற்றைப் பார்த்தே நிற்கும், குளித்ததில்லை.’

பள்ளிகொண்டாவேதான்! ஆற்றங்கரை நாலுகால் மண்டபம். 4:02க்குப் பதிலை அனுப்பினாள். முதல் முறையாக ஹெலனை முந்திவிட்டாள்.

ஒரு டீக்கடைப் பெண்ணிடம் வழி கேட்டாள்.

“மண்டபமா? அங்க இன்னா வேலை உனக்கு?”

“போட்டோ எடுக்கணும்க்கா.”

“சீக்கிரம் வந்துடு.”

ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம், பிறகு நடை. 4:41க்கு மண்டபத்தை அடைந்தாள். நாலு கல்தூண், மேலே ஒரு கல் கூரை. எதிரே பாலாறு, முழுக்க மணல். தரையில் மாவுபோலப் புழுதி. அதில் ஒரு காலடிகூட இல்லை. நல்லது, இன்னும் வரவில்லை.

தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

5:00. யாரும் வரவில்லை.

5:20. பைக் சத்தம் எதுவும் இல்லை. குருவிகள் கத்திக்கொண்டிருந்தன.

5:31. குருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. உப்புப் போட்டு ஊறவைத்த பச்சைத் தோலின் வாடை. ஆம்பூரில் பிறந்தவளுக்குத் தோல் வாடை மூக்கில் ஏறவே ஏறாது. அன்று ஏறியது. சுற்றிலும் எட்டிய தூரம் வரை ஒரு தொழிற்சாலையும் இல்லை.

5:34. பின்னால் கல்லில் ஒரு சத்தம்.

டக்.

திரும்பினாள். யாரும் இல்லை.

டக்... டக்...

“நவீனா?” என்றாள். “ஒளிஞ்சு விளையாடாதீங்க. எல்லாம் தெரியும் எனக்கு.”

சத்தம் நின்றது.

5:37. செல்போன் அதிர்ந்தது. ஹெலன்.

‘வந்துட்டேன்.’

மணலைப் பார்த்தாள். பாதையைப் பார்த்தாள். ஆள் இல்லை.

‘எங்க இருக்கே?’ என்று அடித்தாள். விரல் வழுக்கியது.

‘எதிர்ல.’

எதிரில்... தூண். தூணுக்கு அப்பால் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்த வானம்.

5:40.

படம் வந்தது.

புழுதித் தரை. கருப்பு ஷூ. முனை கேமராவைப் பார்த்து.

படத்தின் கீழ் ஓரத்தில் இன்னொரு ஜோடி கால்.

பழுப்புச் செருப்பு. வலது வாரில் அவளே போட்ட சிவப்பு நூல் தையல்.

அவளுடைய கால்.

அவள் நிற்கும் உயரத்திலிருந்து, அவள் கண் பார்க்கும் கோணத்திலிருந்து எடுத்த படம். இரண்டு ஜோடிக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி.

மெதுவாகக் குனிந்து பார்த்தாள்...

புழுதியில் அவள் கால். அதற்கு எதிரே, ஒரு சாண் தள்ளி, இரண்டு ஷூத் தடம். எட்டாம் நம்பர்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

இடது தடம்...

அரை சாண் முன்னால் விழுந்தது.

எப்படி ஓடினாள், எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்று அவளுக்கு நினைவில்லை. டீக்கடைப் பெண் மட்டும் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் இருக்கிறது. “ஏம்மா, கூட வந்தவரை வுட்டுட்டுப் போறியே!”

மறுநாள் திங்கட்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம், 1:05. கம்பெனிச் சுவரோரம் நின்று நவீன்குமாருக்குப் போன் செய்தாள்.

“யாரு அந்த ஹெலன்?”

“ஹெலனா? எந்த ஹெலன்?”

“நடிக்காதீங்க. ஒம்போது வாரமா விடை சொல்றாளே, அவதான்.”



“சௌந்தர்யா... இன்னா பேசுறே? விடையெல்லாம் நீதானே சொன்னே? உன் நம்பர்லருந்துதானே வந்துச்சு. ஒரு தடவை சொல்லுவே, பத்து நிமிஷம் கழிச்சு அதையே மறுபடி போடுவே. தமாஷ் பண்றேன்னு நினைச்சோம்.”

அவளுக்குச் சுவர் நகர்ந்த மாதிரி இருந்தது.

“நான் எங்கயும் போவலை. நேத்து மட்டும்தான் போனேன்.”

“படம் இருக்குதே. ஒவ்வொண்ணுலயும் நீ இருக்கே. உன் எதிர்ல அவரும் இருக்காரு. யாருன்னு கேக்க எனக்குத் தைரியம் வரலை.” அவன் குரல் இறங்கியது. “நான் உன்னைப் பொண்ணு கேக்கலாம்னுதான் இருந்தேன். அந்த ஷூவைப் பார்த்த அப்புறம்... விட்டுட்டேன். வாலாஜாபேட்டைல வீட்ல ஒரு பொண்ணு பார்த்தாங்க. போன வாரம் சரின்னு சொல்லிட்டேன்.”

ஒன்பது வாரம் அவனை எண்ணி அவள் வெந்தாள், அவளை எண்ணி அவன் வெந்தான். நடுவில் ஒரு ஜோடி ஷூ நின்றிருந்தது.

1:20க்கு அவன் தன் போனில் இருந்த ஒன்பது படத்தையும் அனுப்பினான். எல்லாவற்றிலும் அவள் கால். கோயில்களில் வெறும் கால், மற்ற இடங்களில் செருப்பு. கடைசியைத் தவிர மற்றதெல்லாம் அவள் வாழ்நாளில் மிதித்திராத தரைகள். முதல் படத்தில் கருப்பு ஷூ படத்தின் அந்தக் கோடியில் நின்றது. அடுத்ததில் கொஞ்சம் கிட்டே. அடுத்ததில் இன்னும் கிட்டே.

அன்று மாலையே குழுவைவிட்டு விலகினாள். சிம்மை இரண்டாக உடைத்துச் சாக்கடையில் போட்டாள்.

ஜனவரி 18, ஞாயிறு. வாலாஜாபேட்டையில் நவீன்குமாருக்கு நிச்சயதார்த்தம். ஷபீ பாய் போயிருந்தார். மறுநாள் சௌந்தர்யாவைக் கம்பெனி வாசலில் பார்த்து, தயங்கித் தயங்கித் தன் செல்போனை நீட்டினார்.

“நேத்து 4:03க்கு நவீனுக்கு வந்துச்சும்மா. என் போனுக்கு அனுப்பி, உனக்கு காட்டச் சொன்னான். உன் பழைய நம்பர்தான்.”

படத்தில் சிமென்ட் தரை. மூலையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. சௌந்தர்யா வீட்டு உள்ளறை.

அவளுடைய வெறும் கால். கருப்பு ஷூ.

இந்த முறை எதிரெதிரே இல்லை. பக்கத்தில் பக்கத்தில். முனைகள் ஒரே பக்கம் பார்த்து, இடைவெளி இல்லாமல், ஜோடி சேர்த்து வைத்த மாதிரி.

அவள் கால்விரல்களில் மெட்டி இருந்தது.

பாய் போன பிறகு அவள் செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்ததிலிருந்தே இரண்டு காலிலும் இரண்டாவது விரலைச் சுற்றி மோதிரம் அழுத்தினதுபோல ஒரு தடம் இருந்தது. செருப்பு கடித்தது என்று நினைத்திருந்தாள்.