வாய் திறக்காத ஆறு நாள்

சனிக்கிழமை மத்தியானம், வேதக்கோயிலின் பின்னறையில் மேரிராணி, திராட்சரசம் ஊற்றும் திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெருவிரல் உயரத்தில் நூற்று நாற்பது கண்ணாடிக் கிண்ணங்கள். காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூருக்குக் கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷத்திலிருந்து அது அவள் வேலை. யாரும் கொடுத்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தின் விளிம்பில் லிப்ஸ்டிக் கறையைப் பார்த்துவிட்டு அவளாக எடுத்துக்கொண்டது. வாரம் முழுக்க ஒரு கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி தேய்த்த கைக்கு, இந்தச் சின்னக் கிண்ணங்கள் ஓய்வு மாதிரி.

பாஸ்டர் கிருபாகரன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, அலமாரிச் சாவி குடுங்க. அந்த எக்காளத்தத் துடைச்சு வெக்கறேன்."

"கிறிஸ்துமஸ் பவனிக்கு இன்னும் நாலு மாசம் கிடக்குதே."

"பவனிக்கில்லைங்க. நாளைக்கு. கிங்ஸ்டன் வீட்டுக்கு."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மேரிராணியின் வீட்டுக்காரர் அருள்ஜோசப் பதினெட்டு வருஷம் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினவர். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. டார்கெட் எட்டவில்லை என்று ஒரு பட்டனை ரப்பர் டியூபால் இழுத்துக் கட்டச் சொன்னவன் ஷிப்ட் சூப்பர்வைசர் கிங்ஸ்டன். இதே சபை, இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவன். மெஷின் இறங்கி வலது கையில் மூன்று விரல் போனது. தானாகவே கட்டிக்கொண்டான் என்று கிங்ஸ்டன் எழுதி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கம் தெளியாமல் கிடந்தவரின் இடது பெருவிரலைப் பிடித்து மை தடவி உருட்டிக்கொண்டு போனான். வேலையும் போனது. விசாரணை மட்டும் எட்டு மாசமாக நடந்துகொண்டிருக்கிறது.

தினமும் காலையில் அவருக்குச் சட்டை பட்டன் போட்டுவிடுவது மேரிராணிதான். ஏழு பட்டன். ஒவ்வொன்றுக்கும் அவள் மனசுக்குள் கிங்ஸ்டன் பேரைச் சொல்லிக்கொள்வாள்.

பாகலூர் ரோட்டு லேஅவுட்டில் கிங்ஸ்டன் புது வீடு கட்டி முடித்தான். சுற்றிலும் மனைகள் காலி. திங்கட்கிழமையிலிருந்து மேரிராணி விடியற்காலையில் போய் அந்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேலைக்குப் போனாள். எரிகோ ஜெபம். வேதத்தில் அப்படிச் சுற்றித்தான் எரிகோ பட்டணத்து மதில் இடிந்து விழுந்தது. ஆறு நாள் ஒவ்வொரு சுற்று, சுற்றும்போது வாயைத் திறக்கக் கூடாது. ஏழாம் நாள் ஏழு சுற்று, அதற்கப்புறம்தான் சத்தம். லேஅவுட் வாட்ச்மேன்கூட என்ன வேண்டுதல் என்று கன்னடத்தில் கேட்டுப் பார்த்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எரிகோவச் சுத்தினப்ப உடன்படிக்கைப் பெட்டியத் தூக்கினது யாரு? எக்காளம் ஊதினது யாரு? ஆசாரியருங்கதானே?" என்றாள் மேரிராணி, கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே. "ஆசாரியன் வந்து நின்னாத்தாங்க அது யுத்தம். இல்லாட்டி வெறும் தெருச் சண்டை. அதான் உங்களக் கூப்பிடறேன்."

"நாளைக்கு அங்க வீட்டுப் பிரதிஷ்டைக்குன்னு என்னைக் கூப்பிட்டிருக்காங்கம்மா."

"தெரியும். அதனாலதான் நாளைக்குன்னு கணக்கு வெச்சு நடந்தேன்."

பாஸ்டர் விரலால் முழங்காலைத் தட்டினார். "ஆசாரியனுக்கு ஊதறது மட்டுமா வேலை? யுத்தத்துக்கு முன்னால ஜனத்துகிட்ட வந்து பயப்படாதீங்கன்னு சொல்லுவான். அவன் சொல்லி முடிச்சதும் தலைவருங்க சொல்லுவாங்க, புது வீடு கட்டி இன்னும் பிரதிஷ்டை பண்ணாதவன் யாராச்சும் இருந்தா திரும்பிப் போயிருன்னு. அவ்வளவு இரக்கம் இருந்துச்சு."

"அது நம்ம சேனையில நிக்கறவனுக்குங்க. மதிலுக்கு உள்ள இருக்கறவனுக்கா சொன்னாங்க?"

"கிங்ஸ்டனும் நம்ம சேனைதானே?"

"ஆகானும் நம்ம சேனைதான். எரிகோவுல எடுத்ததக் கூடாரத்துக்குள்ள பொதைச்சு வெச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னான். என்ன பண்ணாங்க? கல்லால அடிச்சாங்க. நீங்களே பிரசங்கம் பண்ணியிருக்கீங்க. தொண்டை கட்டற அளவுக்குப் பண்ணீங்க."

பாஸ்டருக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போனது. "ஜெயிச்சு வந்தவங்களையும் ஏழு நாள் பாளையத்துக்கு வெளியதான் நிறுத்தினாங்க, மேரிராணி. ரத்தம் பட்ட கை தீட்டு. சுத்தம் பண்ற முறையச் சொன்னது ஆசாரியன்தான். அதையும் சேத்துப் படி."

"நாங்க எட்டு மாசமா வெளியதாங்க நிக்கறோம். இன்னொரு ஏழு நாளு என்ன பெருசு? ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப நீங்க என்ன ஜெபம் பண்ணீங்க? ரெண்டு குடும்பத்துக்கும் சமாதானம் குடும்னு. விரல் போனது ஒரு குடும்பத்துக்குத்தானே?"

பாஸ்டர் கையிலிருந்த பிரசங்கத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் வைத்திருந்ததைச் சொன்னார்.

"காலையில ஃபெபா வந்திருந்தா."

ஃபெபா கிங்ஸ்டனின் மனைவி. புது வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விட விடியற்காலையிலேயே வருகிறவள். புதன்கிழமை பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி நீட்டினாள். மேரிராணி வாய் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள்.

"உன்னப் பத்திதான் சொன்னா. 'அக்கா மனசுல எதையும் வெச்சுக்காம எங்க வீட்டச் சுத்தி ஆறு நாளா ஜெபம் பண்றாங்க, ஒரு வார்த்தை பேசல, அவ்வளவு பக்தி'ன்னு அழுதுட்டா. நாளைக்கு நீதான் கதவத் திறக்கணுமாம். நீதான் வேதத்த உள்ள எடுத்துக்கினு போகணுமாம். மைக்ல ரெண்டு வார்த்தை பேசணுமாம்."

மேரிராணியின் கையில் கிண்ணம் அப்படியே நின்றது. தண்ணீர் முழங்கை வழியாகச் சேலையில் சொட்டியது.

"யாரு யாரு வராங்களாம்?"

"சபை மொத்தமும் வரும். கம்பெனி மேனேஜர் வராரு. விசாரணை பண்றவங்களும் வராங்களாம்."

"ஓ."

மிச்சமிருந்த கிண்ணங்களை அவள் வேகமில்லாமல் கழுவினாள். ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியால் துடைத்துத் தட்டின் குழிகளில் வைத்தாள். பாஸ்டர் பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள்.

"வேணாங்க. அதான் மைக் குடுக்கறாங்களே."

"மேரிராணி, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ரப்பர் கட்டினதும் தெரியாது, கைநாட்டு வாங்கினதும் தெரியாது. நல்லதுன்னு நெனச்சுதான் கூப்பிடுது."

அவள் தட்டின் மேல் மூடியை வைத்து அழுத்தினாள். ஈரத் துணியைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, விரல்களை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பத்தும் இருந்தன.

பாஸ்டர் எழுந்துவிட்டார். "கதவத் திறந்ததும் அந்த மைக்ல என்ன பேசப்போற?"

மேரிராணி வாசலில் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு, வெயிலில் இறங்கிப் போனாள்.