வாசலில் ஒரு மோடா

பிரம்பில் பின்னிய மோடா அது. உடுக்கை மாதிரி இடுப்புச் சிறுத்து, உட்காரும் இடத்தில் பழைய சைக்கிள் டயர் வைத்துக் கட்டியது. கல்கத்தாவில் எல்லா வீட்டிலும் இப்படி இரண்டு கிடக்கும். அதைத் தலையில் வைத்துக்கொண்டு டிராம் ஏறிய தமிழன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். லேக் மார்க்கெட் பக்கம் நான் சாப்பிட்டுவந்த மெஸ்ஸின் திருநெல்வேலி முதலாளி அன்று காலை வழிமறித்தார். "என்னவே, பொண்ணு வீட்டுக்குச் சீரா? ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லப்பிடாதா?" எனக்குப் பெண்ணும் இல்லை, வீடும் இல்லை. டிராமைப் பிடிக்க நடந்தேன்.

எழுபதுகளில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் மனை ஆய்வு செய்வது என் வேலை. குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட ஒரு கமிட்டி எங்களிடம் வந்தது. கமிட்டியில் எல்லோரும் பெரிய மனிதர்கள். குழந்தைகளைத் தொட்டுப் பார்த்த டாக்டர் ஒரே ஒருவர்தான். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்தவர், கல்யாணம் ஆகாதவர், ஐம்பதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் டாக்டர் தீதி, அதாவது டாக்டர் அக்கா. கமிட்டிக்கு முன்னால் இரண்டு மனைகள் இருந்தன. ஒன்று டிராம் பாதையில், கமிட்டித் தலைவரே இனாமாகக் கொடுக்க முன்வந்தது. மற்றது பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால், விலைக்கு வாங்கவேண்டியது. இனாம் மனையைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் தீதி என்னிடம் சொன்னார்: "ஒரு மோடா கொண்டு வா. நின்னா எனக்கு முட்டி தாங்காது. நீ அளந்துக்கோ. நான் கேக்கணும்."

என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. மண்ணைப் பார்த்தேன், சாக்கடையைப் பார்த்தேன், மழைத் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அக்கம்பக்கத்துச் சுவர்களைப் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தது. தீதி மனையின் நடுவே கறுப்புக் குடையை விரித்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியபோது அந்தச் சத்தம் வந்தது. "போலோ ஹொரி!" என்று ஒருவன் கத்த, "ஹொரி போல்!" என்று மற்றவர்கள் ஹரியின் பேரைச் சொல்லிக் கத்த, மூங்கில் கட்டிலில் ஒரு பிணம் போயிற்று. பொரி எங்கள் வேலிவரை சிதறியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. சுடுகாட்டுக்கு அதுதான் வழி.

"கேட்டியா?" என்றார்.

"செத்தவங்க போகத்தானே செய்வாங்க?" என்றேன் வெடுக்கென்று. "சின்னக் குழந்தைக்கு அது என்ன புரியும்?"

"குழந்தைக்குப் புரியாது. அம்மாவுக்குப் புரியும்."

அப்புறம்தான் சொன்னார். முன்பு அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியும் இப்படி ஒரு சாலையில்தான் இருந்ததாம். பேதி முற்றிய ஒரு குழந்தைக்கு ஊசி வழியாக உப்புநீர் ஏறிக்கொண்டிருந்தது. பிழைத்திருக்கும். காலையிலிருந்து அந்தக் கூச்சலையே கேட்டுக்கொண்டிருந்த தாய் ஊசியைப் பிடுங்கிப் போட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். சாவதற்கு வீடு போதும் என்றாளாம். தீதி தெருமுனைவரை பின்னாலேயே ஓடியிருக்கிறார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்டேஷன் மனை நல்ல மனை. தெற்கே கிராமங்களிலிருந்து லோக்கல் ரயிலில் வரும் தாய்மார்கள் இறங்கி நேராக உள்ளே வந்துவிடலாம். அதைத்தான் நான் எழுதிக்கொடுத்தேன். இனாம் மனையில் கேட்ட பிணம் போகும் சத்தத்தையும் எழுதினேன். என் மேலதிகாரி அந்தப் பத்தியை அடித்துவிட்டு, "ரிப்போர்ட் கேட்டா கதை எழுதறே" என்றார். கமிட்டியில் ஒருவர், "தீதி, நீங்க டாக்டரா, ஜோசியரா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. தலைவரைப் பார்த்து, "உங்க பேரனை அந்த ரோட்டு ஜன்னலோரம் படுக்க வைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "என் பேரன் ஏன் அங்கே வரப்போறான்?" என்றார், நிஜமாகவே புரியாமல். இன்றும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இனாம் மனையில்தான் கட்டினார்கள். தீதி விலகிப்போவார் என்று நினைத்தேன். போகவில்லை. அங்கேயே சேர்ந்து சாலைப் பக்கத்து வார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வார்டு வேலை முடிந்ததும் வாசலில் மோடாவைப் போட்டு உட்காருவார். தூரத்தில் சத்தம் கேட்டதும் எழுந்து நின்று கையை உயர்த்துவார். சிலர் திட்டினார்கள். "செத்தவனுக்குச் சாமி பேர் வேண்டாமா?" என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். "செத்தவனுக்கு அவசரம் இல்லைப்பா. இந்தச் சுவரைத் தாண்டிச் சொல்லு" என்றார். வருஷங்கள் போகப்போக அவர் எழுவதைப் பார்த்ததுமே வாய்கள் மூடிக்கொண்டன. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வந்து உட்கார்ந்தார். சில மாலைகளில் நானும் போய் மதிலில் சாய்ந்து நிற்பேன். அதிகம் பேசிக்கொண்டதில்லை. இரண்டு பேருக்குமே போவதற்கு வேறு இடம் இல்லை, அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில், ஒரு துர்கா பூஜை அஷ்டமி அன்று தீதி போய்ச் சேர்ந்தார். ஊரே பந்தல்களில் இருந்தது. கமிட்டி மாலை அனுப்பியது. மனிதர்களை அனுப்பவில்லை. தூக்குவதற்குக் கூலிக்கு நாலு பீகார்க்காரர்கள் கிடைத்தார்கள். பின்னால் நான் ஒருவன். "ராம் நாம் சத்ய ஹை" என்று அவர்கள் வழக்கப்படி சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி மதில் வந்ததும் யாரும் சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள். வாசலைத் தாண்டும்போது முன்னால் தூக்கியவன் எட்டிப் பார்த்து, "மோடாக்கார அம்மா இன்னிக்கு வரலையா?" என்று இந்தியில் கேட்டான்.

"உன் தோள்மேலதான் இருக்காங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவர்கள் வாய் திறக்கவே இல்லை. ஒரு வங்காளி இப்படி ஊமையாகப் போகக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. மதில் முடிந்த பிறகு "போலோ ஹொரி" என்றேன். பதில் சொல்ல ஆள் இல்லை. "ஹொரி போல்" என்றும் நானே சொன்னேன்.

இப்போது பிணங்கள் கண்ணாடி வண்டியில் சத்தமில்லாமல் போகின்றன. பார்த்தாயா, எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது என்கிறார்கள். தானாக ஒன்றும் ஆகவில்லை. அதுவரை சத்தம் கேட்டுக் குழந்தையோடு எழுந்து போன தாய்மார்களை யாரும் திருப்பிக் கூப்பிடவும் இல்லை. மோடா இப்போது பாலிகஞ்சில் என் அறையில் இருக்கிறது. பிரம்பு விட்டுப்போய் ஒரு பக்கம் சாய்கிறது. சில சமயம் அதை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்து பார்க்கிறேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை.