சாளைப் பெட்டியில் ஆம்ப்ளிஃபயர்

பாறசாலை பஸ் நிறுத்தத்தில் மழை கொட்டுகிறது. என் பேஸ் கிடார் ஆம்ப்ளிஃபயரின் பை வாரோடு கிழிந்து காலடியில் கிடக்கிறது. எடை குறைவு என்று நம்பி வாங்கிய துணிப் பை. வாங்கிய என்னைத்தான் உதைக்க வேண்டும். நான்கு மணிக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் நனைந்தால் எல்லாம் போச்சு.

பக்கத்தில் சாளை மீன் விற்கும் அக்கா ஒரு காலித் தெர்மாகோல் பெட்டியை நீட்டுகிறார். "பாரமே இல்ல, வெள்ளமும் கேறாது. இதுக்குள்ள வை மக்கா."

அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்துகிறது. பஸ் வருகிறது. கண்டக்டர் படியிலேயே மறிக்கிறார்.

"மீன் பெட்டி ஏத்தப்பிடாது."

மூடியைத் திறந்து காட்டுகிறேன். "மீன் எங்கேய்யா இருக்கிறது?"

அவர் குனிந்து மோந்து பார்க்கிறார். "சாதனம் வேறயாக்கும். மணம் சாளைக்க மணம்தான்."

பஸ் போய்விடுகிறது.

அக்கா எதிரே நிற்கும் மீன் ஆட்டோவைக் காட்டுகிறார். அது நெய்யாற்றின்கரைச் சந்தைக்குப் போகிறது. டிரைவர் பெட்டிக்குள் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார்.

"மீனில்லாத பெட்டிய ஏத்தினா இன்னைக்குக் கச்சவடம் நடக்காது, ஒரு மீனும் விக்காது."

"எல்லாருக்கும் பைத்தியமா?" என்று கத்துகிறேன்.

"எதுக்குலே சாடுக?" என்ற அக்கா, ஆம்ப்ளிஃபயரைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அதன்மேல் நான்கு சாளையை வைக்கிறார். டிரைவர் உடனே தலையாட்டுகிறார்.

பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஆட்டோவில் குலுங்கிப் போகிறேன். ஓரத்தில் மீன் தண்ணீர் வடிகிறது. ஆம்ப்ளிஃபயர் நனையவில்லை. என் வெள்ளைச் சட்டையைத்தான் இனி எந்த பஸ்ஸிலும் ஏற்றமாட்டார்கள்.