இரண்டு நாற்பதுக்கு எடுத்த படம்

ஜெராக்ஸ் மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டால் அவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் பதில் வராது. பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு அலுவலகமாகப் போய், சிக்கிய தாளை உருவி, உருளையைத் துடைத்து, மை படிந்த விரல்களோடு வீடு திரும்புகிறவன். "நீ வீட்டுல இருக்கியான்னு தெரிஞ்சுக்கவே செருப்பை எண்ணிப் பாக்க வேண்டியிருக்கு" என்பாள் அக்கா. அப்படிப்பட்டவன் 'ஜன்னல் வெளிச்சம்' என்ற இணையக் குழுவில் ஒரு நாளைக்கு நாற்பது கருத்துகள் எழுதுகிறான் என்பது அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது.

குழு அவனுக்கு நல்லது செய்திருக்கிறது. பழைய கேமரா ஒன்றை வாங்கி, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று திருதிருவென விழித்தவனுக்கு, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள் எனச் சொல்லித் தந்தது முகம் தெரியாத மனிதர்கள்தான். முக்காலி என்று எல்லோரும் கூப்பிடும் நிர்வாகி ஒரு பல் டாக்டர். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைக்கும் ஐந்து நிமிடத்தில், இவன் படத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து எழுதுவார். நேரில் யாரிடமும் இப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

கெட்டதும் செய்தது. படம் போட்டால் அரை மணி நேரத்தில் பத்து தடவை போனை எடுப்பான், திரையெல்லாம் விரல் மை. 'அருமை தோழர்' என்று எழுதுகிற பாதிப்பேர் படத்தைத் திறந்தே பார்ப்பதில்லை என்று தெரியும். தெரிந்தும் எண்ணுவான். போகப்போக, எது எடுபடும் என்று பார்த்தே கேமராவைத் தூக்கப் பழகிவிட்டான். மற்றதெல்லாம் 'கழிவு' என்று பேர் வைத்த ஃபோல்டருக்குப் போகும்.

குழுவில் ஒரு கறார் விதி உண்டு. படத்துக்குக் கீழே கேமரா, லென்ஸ், தேதி, நேரம் எல்லாம் எழுத வேண்டும். இல்லையென்றால் படத்தைத் தூக்கிவிடுவார்கள்.

அக்கா ஒரு பெரிய அலுவலகத்தின் பதிவறையில் ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். நிரந்தரமாகிறவர்கள் பட்டியல் இந்த மாதக் கடைசியில் வரவேண்டும். அந்த அலுவலகத்து மெஷினுக்கும் இவன்தான் மெக்கானிக். ஒருநாள் விடிகாலையில் பதிவறைக்கு மேலே குழாய் உடைந்தது. சாவி அக்காவிடம் இருந்ததால் காவலாளி அவளுக்குத்தான் போன் செய்தார். மெஷினும் நனைந்திருக்கும் என்று இவனையும் இழுத்துக்கொண்டு ஏழு மணிக்கே போனாள். ஃபைல் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேல் அலமாரியில் அடுக்கி, நனைந்ததை விரித்துப் போட்டு, சாப்பிடாமல் கொள்ளாமல் நின்றவள், மத்தியானம் ஒரு கட்டின் மேல் கன்னத்தை வைத்து அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். மேல் ஜன்னலிலிருந்து வெளிச்சம் கோடு கோடாக அவள் முகத்தில் விழுந்தது. மெஷினை உலர்த்திக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துவிட்டு, பையிலிருந்த கேமராவை எடுத்து ஒரே ஒரு தடவை அமுக்கினான்.

அவன் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். குழுவில் போட்டதும் நாலாயிரம் பேருக்குப் பிடித்தது. வருடாந்திரக் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்வதாக முக்காலி எழுதினார். கீழே தேதியும், பிற்பகல் இரண்டு நாற்பது என்ற நேரமும் பிசகில்லாமல் இருந்தன.

அடுத்த வாரம் அக்கா ஒரு காகிதத்தோடு வந்தாள். பணி நேரத்தில் தூங்கியதற்கு வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தர வேண்டும். கணக்குப் பிரிவில் யாரோ படத்தைப் பார்த்து மேலாளரிடம் காட்டியிருக்கிறார்கள்.

"காலையில ஏழு மணிக்கே வந்தேன்னு சொன்னியாக்கா?"

"சொன்னேன். வருகைப் பதிவேட்டுல பத்து மணின்னு இருக்கேன்னாரு. அதை அவர் ரூமுல பூட்டி வெச்சிட்டு பத்து மணிக்குத்தானே எடுப்பாரு? ஃபைலைக் காப்பாத்துனதா அவர் மேலிடத்துக்கு எழுதுனது வேற ரெண்டு பேரை. காவலாளியும் வேலையை விட்டுப் போயிட்டாரு. நீ சொன்னா, தம்பிதானேன்னு சொல்லுவாரு." காகிதத்தை மேசையில் வைத்தாள். "என் பேர் இந்தப் பட்டியல்ல வரலேன்னா இன்னொரு ஒன்பது வருஷம்."

அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. உள்ளே போய், தெரிந்த ஒரே இடத்தில் உதவி கேட்டான். 'என் கேமராக் கடிகாரம் தவறாக ஓடுகிறதோ என்று சந்தேகம். இந்தப் படம் ஒன்றரை மணி உணவு இடைவேளையில் எடுத்ததாக இருக்கலாமா?' என்று குழுவில் கேட்டான். யாராவது ஒருவர் 'இருக்கலாம்' என்று எழுதினால் போதும், அதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று கணக்கு.

புதிர் என்றால் குழுவுக்கு வெல்லக்கட்டி. அறுபத்து மூன்று பேர் மொய்த்தார்கள். ஒருவர் ஜன்னல் கம்பிகளின் நிழலுக்கு நூல் பிடித்துக் கோடு போட்டார். ஒருவர் அந்தத் தேதியில் சூரியன் எங்கே இருந்தது என்று படம் வரைந்தார். மூன்றாமவர் படத்தைப் பெரிதாக்கி, இரும்பு அலமாரியின் கதவில் மங்கலாகத் தெரிந்த சுவர்க் கடிகாரத்தையே கண்டுபிடித்துவிட்டார். முக்காலி தீர்ப்பு எழுதினார்: 'நேரம் மிகச் சரி. இரண்டு நாற்பது. கவலை வேண்டாம் தோழர், உங்கள் கேமரா ஆரோக்கியமாக இருக்கிறது.'

அக்கா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"நல்ல ஆளுங்கடா. என்னை ஒரேயடியா அடக்கம் பண்ணிட்டாங்க."

அவன் பக்கத்தை மூடப் போனான். அக்கா விடவில்லை.

"உன் கேமரா இவ்வளவு சரியா நேரம் காட்டுதில்ல, அன்னிக்குக் காலையிலயும் ஏதோ எடுத்துட்டிருந்தியே, அது எங்க?"

"அதெல்லாம் சரியில்லக்கா. சாய்ஞ்சிருக்கு. ஆடியிருக்கு. ஓரத்துல வாளி வேற."

"நான் இருக்கேனா?"

கழிவு ஃபோல்டரைத் திறந்தான். இருந்தாள். முழங்கால் வரை நனைந்து, ஃபைல் கட்டை மார்போடு அணைத்தபடி, பாதி மூடிய கண்ணோடு. ஏழு பத்து. எட்டே கால். ஒன்பது ஐம்பதில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி ஐம்பதிலும் ஏணியில்தான் நின்றாள். மொத்தம் பதினொரு படங்கள். ஒன்றில்கூட வெளிச்சம் சரியில்லை.

அவற்றை அச்செடுத்தான். கூடவே அறுபத்து மூன்று பேர் எழுதியதையும் அச்செடுத்தான். வெள்ளிக்கிழமை அக்காவோடு மேலாளர் அறைக்குப் போனான். வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

"இரண்டு நாற்பது சரின்னா, இந்த ஏழு பத்தும் சரிதான் சார். ஒரே கேமரா. ஒரே நாள்."

மேலாளர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏணிப் படத்தில் கொஞ்சம் நின்றார்.

"பதிவறைக்குள்ள கேமரா கொண்டுபோக யார் அனுமதி குடுத்தா?"

"யாரும் குடுக்கல சார்."

அன்றோடு அந்த அலுவலகத்து மெஷின் வேலை அவன் கையைவிட்டுப் போயிற்று. அக்காவின் விளக்கத்தை 'ஏற்கப்பட்டது' என்று எழுதி மூடினார்கள். மாதக் கடைசியில் பட்டியல் வந்தது. கீழேயிருந்து நாலாவது பேர் அவளுடையது.

அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை சாயங்காலமே, தூங்கும் படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டான். முக்காலி முதல்முறையாகப் போனில் கூப்பிட்டார். குரல் நினைத்ததைவிட மெல்லியதாக இருந்தது.

"ஏன் தோழர் எடுத்தீங்க? கண்காட்சியில முதல் சுவர் உங்களுக்குத்தான்னு வெச்சிருந்தேன்."

"அது எங்க அக்கா சார். வேலைக்கே உலை வெச்சிடுச்சு." நடந்ததை, ஏணிப் படம் உட்பட, சுருக்கமாகச் சொன்னான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே. யார் என்னன்னு தெரியாம நாங்க பாட்டுக்குக் கோடு போட்டுட்டிருந்தோம்."

"நீங்களும் கேமரா என்னன்னுதான் சார் கேட்டீங்க. நானும் அதைத்தான் எழுதினேன்."

அவர் தயங்கி, "அந்த ஏணிப் படத்தை அனுப்பறீங்களா? பாக்கணும்போல இருக்கு" என்றார்.

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீ ஏணியில நிக்கிற படத்தைக் கேக்கறாங்க. அனுப்பட்டுமா?"

"அதுல நான் எப்படி இருக்கேன்?"

"தலையெல்லாம் கலைஞ்சு, வாயில கயிறைக் கடிச்சுக்கிட்டு."

"வேண்டாம்."

"வேண்டாமாம் சார்" என்றான் அவன்.