அம்மாவின் நெஞ்சுக்குள்ளே பார்த்தோம்

அப்பா திடீரென்று நெஞ்சுவலியில் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அம்மா எழுந்தால் தலை சுற்றும், உட்கார்ந்தால் மூச்சு வாங்கும், படுத்தால் சரியாகிவிடும். கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கக் குனிந்தவள் ஒருநாள் அப்படியே சரிந்துவிட்டாள்.

“துக்கம் அம்மிணி, வேறொண்ணுமில்ல. என்ற தம்பிய நெனச்சு நெனச்சு நெஞ்சு அடைச்சுக்கிச்சு. வருசம் திரும்புனா செரியாயிரும்” என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா. நானும் நம்பினேன். எனக்கும்தான் நெஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது.

எருமப்பட்டி ஆஸ்பத்திரி டாக்டர் நம்பவில்லை. அம்மாவை உட்காரச் சொல்லியும் படுக்கச் சொல்லியும் குழாய் வைத்துக் கேட்டார். சத்தம் மாறுகிறது, எக்கோ ஸ்கேன் எடுங்கள் என்று நாமக்கல்லுக்கு அனுப்பினார். அப்பாவுக்கு ஸ்கேன் எடுக்க நேரமே கிடைக்கவில்லையே என்று பஸ்ஸில் அழுதேன். கூட வந்த அத்தை என் கையில் முறுக்கைத் திணித்தாள். “தின்னுட்டு அழுவு.”

நானும் அம்மாவும் ஸ்கேன் அறைக்குள் போனோம், அத்தை வாசலிலேயே நின்றுகொண்டாள். இளவயது டாக்டரம்மா அம்மாவை இடது பக்கமாகப் படுக்க வைத்து, நெஞ்சில் பசை தடவினார். “ஐசாட்டம் இருக்குதுங்க!” என்று அம்மா கத்தினாள். டிவியில் கறுப்பு வெள்ளையாக அவள் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கதவு திறந்து திறந்து மூடியது. பக்கத்தில் காம்பு வைத்த கத்திரிக்காய் போல ஒரு கட்டி. ஒவ்வொரு துடிப்புக்கும் அது கதவுக்குள் தலையை நீட்டி, திரும்பி வந்தது.

“உள்ளயும் வராம ஊட்டுக்கும் போகாம, உன்ற அத்தையாட்டமே நிக்குது பாரு” என்றாள் அம்மா. டாக்டரம்மா சிரித்ததில் படமே ஆடிப்போனது.

பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார். இந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ஆனால் கதவை அடைத்துக்கொண்டாலோ, துண்டு உடைந்து மூளைக்குப் போனாலோ உயிருக்கே ஆபத்து. சீக்கிரம் ஆப்பரேசன் செய்ய வேண்டும்.

“அவருக்கு வருசம் முடியாம எப்படிங்க? வெளிய நிக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க” என்றாள் அம்மா.

“அவங்களக் கூப்பிடுங்க.”

அத்தை வந்து டிவி முன்னால் நின்றாள். கட்டி கதவுக்குள் போகும்போதெல்லாம் என் கையை இறுக்கினாள்.

“ஏனுங்க, இது துக்கமில்லீங்களா?”

“துக்கம் ஸ்கேன்ல தெரியாதுங்க.”

அத்தை என் கையை விட்டாள். “அப்ப வருசமாவது ஒண்ணாவது! இத மொதல்ல எடுத்துப் போடுங்க சாமி” என்றாள்.

கோயமுத்தூரில் எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று சோதனையில் தெரிந்தது. தையல் ஆறும்வரை அத்தைதான் எங்களுக்குச் சமைத்தாள். உப்பு அதிகம் என்று அம்மா தினமும் சண்டை போட்டாள்.

இப்போதும் அம்மா சில சாயங்காலங்களில் அப்பாவை நினைத்து அழுகிறாள். மூச்சு வாங்காமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி, “நீயும் ஒரு ஸ்கேன் எடுத்திருக்கலாமில்ல, பாவி மனுசா” என்று திட்டித் திட்டி அழுகிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, எனக்குத் தோசை சுட எழுந்து போவாள்.