அண்ணன் குடிக்காத பார்லி ஒயின்

வயிறு உருண்டு வாய் குறுகிய கண்ணாடிக் குவளை அது. இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது அண்ணன் துணிகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்த ஆறில், உடையாமல் மதுரை வந்து சேர்ந்தவை மூன்று. அதில் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் கையில் கொடுத்து, "இன்னைக்கு நீதான் பாப்பா எனக்கு நாக்கு" என்றார். நான் உசிலம்பட்டியில் வேதியியல் ஆசிரியை. ஆல்கஹாலைப் பற்றிப் பல வருடங்களாகக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேனே தவிர, அதுவரை அதில் ஒரு துளி என் வாயில் பட்டதில்லை.

அண்ணன் பேரையூர்ப் பக்கத்து மானாவாரி நிலத்தை விட்டுப் படிக்கப் போனவர். நுண்ணுயிரியல் முடித்து, இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் பீர் ஆலையில் சேர்ந்து, அங்கேயே தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். எத்தனையோ வகை பீர் செய்தாலும் அவர் உயிரை வைத்திருந்தது பார்லி ஒயினில்தான். பெயரில் மட்டுமே ஒயின். திராட்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டு, நெடுநேரம் காய்ச்சி, நொதிக்கவைத்து, மாதக்கணக்கில் முதிரவிடும் பீர். ஒயின் அளவுக்கு வீரியம் இருப்பதால் அந்தப் பெயர். "இத மடமடன்னு குடிக்கப்படாது. கொஞ்ச நேரம் இதுகூட உட்காரணும்" என்பார்.

உட்கார்ந்ததுதான் வினையாயிற்று. சுவை பார்ப்பது வேலை. வேலை முடிந்த பிறகும் குடித்தது தன் தப்பு என்று அவரே எவரிடமும் மறைக்காமல் சொல்வார். கல்லீரல் கெட்டு, கண் மஞ்சளாகி, ஊர் திரும்பி மதுரை மருத்துவமனையில் கிடந்தார். பிழைத்து வெளியே வரும்போது, இனி எந்த மதுவும் கூடவே கூடாது என்றார் டாக்டர். அண்ணன் அன்றே நிறுத்தினார். தூக்கம் வராமலும் கை நடுங்கியும் கழிந்த அந்த மாதங்களில் அண்ணி அவரைவிட்டு நகரவில்லை. வேறு தொழில் பார்க்கலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது மட்டும் அண்ணனுக்குக் கோபம் வந்தது. "நாக்குதான் போச்சு. மூக்கு எங்க போச்சு?" என்றார்.

நோயில் விழுவதற்கு முன் அவர் கடைசியாகக் காய்ச்சிய பார்லி ஒயின் அந்த ஆலையில் முதிர்ந்துகொண்டிருந்தது. வரும் குளிர்காலத்தில் விற்பனைக்கு விடலாமா என்று ஆலையின் முதலாளியம்மாள் கேட்டிருந்தார். விடுப்பில் வந்த நண்பர் ஒருவர் மூலம் இரண்டு பாட்டில்களையும் அனுப்பியிருந்தார். அண்ணி பாட்டிலைப் பார்த்ததுமே அழுதுவிட்டார்.

"இம்புட்டுப் பட்டதும் போதாதாங்க?"

"நான் காய்ச்சுனது. நல்லாருக்கா இல்லையான்னு தெரியாம என்னால இருக்க முடியாது. வாயில வைக்க மாட்டேன். நம்பிக்கை இல்லேன்னா பக்கத்துலயே உட்காரு."

அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டு, முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தார்.

குளிர்ப்பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த பாட்டிலை அண்ணன் திறந்தார். மிகவும் குளிர்ந்திருந்தால் வாசம் மூடிக்கொள்ளுமாம். சரிந்து இறங்கிய திரவம் கட்டங்காப்பி போல இருண்டு, சன்னல் வெளிச்சத்தில் மாதுளைச் சிவப்பாக மாறியது. ஊற்றி நிமிர்த்தும்போது ஒரு துளி அவர் கட்டைவிரலில் வழிந்தது. சமையலறையில் குழம்பு பட்டால் நாம் எல்லோரும் என்ன செய்வோமோ, அதற்காகக் கை தானாக வாயை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது. அண்ணி நாற்காலி நுனிக்கு வந்தார். அண்ணன் எழுந்து போய்க் குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பிறகு குவளையை மெல்லச் சுழற்றி, கண்ணை மூடி முகர்ந்தார். "கருப்பட்டிப் பாகு. பேரீச்சம்பழம். அடியில நார்த்தங்காய்த் தோல்." சொல்லிவிட்டு என் பக்கம் நகர்த்தினார். "கொஞ்சமா எடு. உடனே முழுங்காத."

"கசக்குதுண்ணே."

சிரித்தார். "அது கடைசியில வர்றது. அதுக்கு முன்னாடி என்ன வந்துச்சு?"

மறுபடி ஒரு வாய் எடுத்தேன். இந்த முறை கசப்புக்கு முன்னால், கடலைமிட்டாய்க்குக் காய்ச்சிய பாகு சற்று முறுகிவிட்ட இனிப்பு நாக்கில் பரவியது. சொன்னேன். எழுதிக்கொண்டார். விழுங்கியதும் தொண்டையில் தீ இறங்கியது.

"எரியுதா, கதகதன்னு இருக்கா? பார்த்துச் சொல்லு. ரெண்டும் வேற வேற."

அவர் முகம் என்ன பதிலுக்கு ஏங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. கதகதப்பு என்று ஒரு சொல் சொன்னால் அவர் குளிர்ந்துபோவார். மூன்றாவது வாய் எடுத்தேன்.

"எரியுதுண்ணே."

அதையும் தாளில் எழுதிக்கொண்டார். அப்புறம் தொலைபேசியை எடுத்து, இன்னும் ஒரு வருடம் முதிரவிட வேண்டும் என்று முதலாளியம்மாளிடம் சொன்னார். கடைகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. நீ அதைக் குடிக்கக்கூட இல்லையே என்றும் அந்த அம்மாள் கேட்டார். "என் தங்கை குடித்தாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்ன அண்ணன், இப்போதே விற்பதானால் தன் பெயரை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் சம்மதித்தார்.

மறு வருடம் வந்த பாட்டிலில் எரிச்சல் இல்லை. மார்கழிக் காலையில் கம்பளிக்குள் இருக்கும் சூடுதான் இருந்தது. நான் அதைச் சொன்னபோது அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின் அந்த ஆலை ஒவ்வொரு பார்லி ஒயினையும் விற்பனைக்கு முன் அவர் மூக்குக்கு அனுப்புகிறது. நான் மூன்று வாய்க்கு மேல் எடுப்பதில்லை. மிச்சத்தை அண்ணன் தன் கையாலேயே தொட்டியில் கொட்டுவார்.

போன மாதமும் ஒன்று வந்தது. உசிலம்பட்டிப் பேருந்து தாமதமாகி நான் போய்ச் சேர்ந்தபோது, அண்ணன் ஊற்றி வைத்துவிட்டு, மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். "வா, இப்பத்தான் வாசம் விரிஞ்சிருக்கு" என்றார். வீட்டில் வேறு யாரும் இல்லை. பாட்டிலின் அளவைக் கண்ணால் அளந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் பரவைச் சந்தையிலிருந்து பையோடு அண்ணி வந்தார். அடுக்களைக்குள் பின்னாலேயே போய், "எப்படி அண்ணி தனியா விட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டேன்.

கத்தரிக்காயைக் கூடையில் கொட்டிக்கொண்டே, "அவரு வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் எதுக்கு?" என்றார்.